"ரியலி"யா, "ஜஸ்ட்"டா? ஆங்கிலத்தில் பணிவாக விருப்பம் சொல்லும்போது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைபேசிக் கூட்டம். எனக்கு வரவேண்டிய அறிக்கை ஒன்று வரவில்லை. பணிவாகவே கேட்போம் என்று, "ஐ ரியலி விஷ் யூ வுட் செண்ட் த ரிப்போர்ட்" என்றேன். மறுமுனையில் சில நொடிகள் பேச்சே இல்லை. பிறகு வறண்ட குரலில் ஒரு "சாரி". நான் வைத்தது வேண்டுகோள்; அவர் காதில் விழுந்தது குற்றச்சாட்டு.

"விஷ் யூ வுட்" என்றாலே "செய்யவேண்டியதை நீங்கள் செய்வதாக இல்லை" என்ற மனக்குறை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் சேர்த்த "ரியலி" அந்தக் குறையைத்தான் ஊதிப் பெரிதாக்கியது. அதே சொல்லை "லைக்" பக்கம் வைத்து, "ஐ'ட் ரியலி லைக் டு சீ த ரிப்போர்ட்" என்றிருந்தால் ஆர்வமாகக் கேட்டிருக்கும். வினையடை என்பது சர்க்கரை அல்ல, எதில் போட்டாலும் இனிப்பதற்கு.

விருப்பம் சொல்ல உதவும் வினையடைகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். "ரியலி", "வெரி மச்" போன்றவை ஆசையைப் பெரிதாக்கிக் காட்டும். "ஜஸ்ட்", "பாஸிப்ளி", "பர்ஹாப்ஸ்" போன்றவை கேட்பதைச் சிறிதாக்கிக் காட்டும். இரண்டுமே பணிவுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்காது.

முதலில் பெரிதாக்கும் கூட்டம். பேச்சில் "ரியலி"யை அடிக்க ஆள் இல்லை. "வெரி மச்" சற்றே சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வரும். நேர்காணலுக்கும் மேடைக்கும் பொருந்தும், நண்பரிடம் சொன்னால் விறைப்பாக இருக்கும். நம்மில் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். "மிகவும் விரும்புகிறேன்" என்ற தமிழை நினைத்துக்கொண்டு "ஐ வெரி லைக்" என்று சொல்லிவிடுகிறோம். "வெரி" தனியாக வினையைத் தொடாது. "மச்" துணைக்கு வரவேண்டும். "ஐ'ட் மச் லைக்" என்று "மச்"சை மட்டும் நிறுத்தினாலும் காதில் உறுத்தும். ஆனால் "ஐ'ட் மச் ராதர்", "ஐ'ட் மச் ப்ரிஃபர்" என்று வந்தால் யாருக்கும் உறுத்தாது. விதி கேட்டால் இரண்டு பொருள்களை ஒப்பிடும் இடத்தில் "மச்"சுக்குத் தனிச் செல்வாக்கு என்பேன்.

இடம் மாறினாலும் பொருள் மாறும். "ஐ'ட் ரியலி லைக் டு டாக்" என்றால் பேசுவதற்கு ஆசை அதிகம். "ஐ'ட் லைக் டு ரியலி டாக்" என்றால் இதுவரை பேசியது பேச்சே இல்லை, இனியாவது மனம்விட்டுப் பேசவேண்டும் என்று பொருள். "ஐ ரியலி வுட் லைக்" என்று "வுட்"டை அழுத்தினால், கேட்பவர் நம்பவில்லை, நீங்கள் நம்பவைக்கிறீர்கள்.

சிறிதாக்கும் கூட்டம் தமிழர்களுக்குப் புதிதல்ல. "கொஞ்சம் வழி விடுங்கள்" என்கிறோம். பாதி வழியா கேட்கிறோம்? அந்தக் "கொஞ்சம்" செய்யும் வேலையைத்தான் "ஐ ஜஸ்ட் வாண்டட் டு ஆஸ்க்" என்பதில் "ஜஸ்ட்" செய்கிறது. "வாண்ட்" என்பது "வாண்டட்" என்று இறந்தகாலத்துக்குப் போவதும் அதே காரணத்துக்காக: ஆசையை ஓர் அடி பின்னால் நகர்த்தி, மறுப்பதற்கு இடம் விடுகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. "ஜஸ்ட் செண்ட் இட்" என்று ஏவலோடு சேர்ந்தால் "சும்மா இழுக்காதே, அனுப்பு" என்றாகிவிடும்.

"பாஸிப்ளி" பெரும்பாலும் "குட் யூ" பின்னால்தான் வரும். பெரிய உதவிக்கு அழகு. பேனா ஒன்றை இரவல் வாங்க "ஐ வாஸ் ஜஸ்ட் வண்டரிங் இஃப் யூ குட் பாஸிப்ளி" என்று தொடங்கினால் கிண்டல் என்று நினைப்பார்கள்.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் 1978இல் முன்வைத்த பணிவுக் கோட்பாடு மூன்றை எடைபோடச் சொல்கிறது: பேசுவோருக்கு இடையே உள்ள நெருக்கம் அல்லது தூரம், அதிகாரம், கேட்கும் காரியத்தின் பளு. நான் மூன்றாவதை வைத்தே முடிவெடுக்கிறேன். என் விருப்பத்தால் எதிராளிக்கு வேலை கூடுகிறதா, சிறிதாக்கும் சொல். அவர் அழைப்பை ஏற்பது, அவரைச் சந்திக்க ஆசைப்படுவது என்று என் விருப்பமே அவருக்கு மரியாதையாகிறதா, பெரிதாக்கும் சொல். விருந்துக்கு அழைத்தவரிடம் "ஐ'ட் ஜஸ்ட் லைக் டு கம்" என்றால் வேண்டாவெறுப்பாய் வருவதுபோல் இருக்கும்.

இரண்டிலும் சேராத "க்வைட்" ஒரு பொல்லாத சொல். "ஐ'ட் க்வைட் லைக் தட்" என்று பிரிட்டன்காரர் சொன்னால் ஆசை மிதமானது, அல்லது அடக்கிச் சொல்கிறார். அமெரிக்கர் "க்வைட்" என்றால் பெரும்பாலும் "மிக". "ராதர்" இன்னும் மோசம்: "ஐ'ட் ராதர் லைக் டு கோ" என்றால் போக ஆசையாகத்தான் இருக்கிறது, "லைக் டு"வை எடுத்துவிட்டு "ஐ'ட் ராதர் கோ" என்றால் இங்கே இருப்பதைவிடப் போவதே மேல். விருந்தாளியின் வாயில் இரண்டாவது வந்தால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும்.

"கைண்ட்லி"யை எழுத்தோடு விட்டுவிடலாம். தெற்காசிய ஆங்கிலத்தில் அது சாதாரணப் பணிவு. பிரிட்டிஷ், அமெரிக்கப் பேச்சில் "வுட் யூ கைண்ட்லி" என்றால் பொறுமை போய்விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். "ஹோப்ஃபுலி"யைத் தாராளமாகப் பேசலாம். "நடக்கும் என்று நம்புவோம்" என்ற பொருளில் அதைச் சொல்லக்கூடாது என்று பல்லாண்டுகள் சண்டை போட்டார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடே 2012இல் இறங்கிவந்துவிட்டது.

"டியர்லி" மட்டும் மிச்சம். யாராவது "ஐ'ட் டியர்லி லவ் டு கம்" என்று உருகினால் நாற்காலி எடுத்துப்போட அவசரப்படாதீர்கள். அடுத்த சொல் பெரும்பாலும் "பட்".