மாசம் ஒரு பெரிய ரிலீஸா, தினம் சின்னச் சின்ன டெப்ளாயா?

சாஃப்ட்வேர் மாற்றங்கள மாசம் ஒரு தடவ மொத்தமா ரிலீஸ் பண்றதுதான் சேஃப்னு தோணும், ஆனா 40 மாற்றம் ஒண்ணா உள்ள போய் ராத்திரி 2 மணிக்கு சைட் படுத்துருச்சுன்னா எது காரணம்னு லாக்ல தேடியே விடிஞ்சிடும், ரோல்பேக் பண்ணா, அதாவது பழைய வெர்ஷனுக்கே திரும்புனா, ஒழுங்கா ஓடுன மிச்ச 39-ம் சேர்ந்து போயிடும்.

தினம் சின்னதா டெப்ளாய் பண்ணா, அதாவது லைவ் சைட்ல ஏத்துனா? கடைசி கமிட்ட (கடைசியா சேத்த கோட் மாற்றத்த) பாத்து ரிவர்ட் அடிச்சா பெரும்பாலும் வேல முடிஞ்சுது. எனக்கு இதான் புடிக்கும். என்ன, ஆட்டோமேட்டட் டெஸ்ட் இல்லாம எறங்குனா தெனமும் ஒட்டுப்போடுற பொழப்புதான், பட்டிருக்கேன். டோரா (DORA, சாஃப்ட்வேர் டீம்கள் எப்படி டெலிவரி பண்றாங்கன்னு ஆராயுற குழு) ஆரம்பத்துல வச்ச 4 அளவுல டெப்ளாய் எண்ணிக்கையோட ஃபெயிலியர் விகிதமும் இருக்கு, முதல் நம்பர மட்டும் பாத்து குஷியாகக்கூடாது.

அப்ரூவல் கட்டாயமான துறைல மாச ரிலீஸ்தான் வழின்னா, ஸ்டேஜிங்குக்காவது (லைவுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்குற இடம்) தினம் போகட்டும்.