பன்னீர் திராட்சையா, மலைவாழையா?

சித்திரைத் திருவிழா முடிந்தும் வெயில் தணியாத மதுரையில், ஜிகர்தண்டாகூடக் கனமாகத் தோன்றும் மாலைகளுக்கெனப் பால் சேராத இரண்டு பழ இனிப்புகளை எங்கள் வீட்டில் மாறிமாறி உறைய வைக்கிறோம்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் செய்வது ஒன்று. அரைக் கிலோ பழத்தை 100 மில்லி நீரில் தோல் வெடிக்கும்வரை சூடாக்கி, மசித்து வடிகட்டி, 50 கிராம் சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து, ஆறிய பின் அகன்ற எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அரை மணிக்கொருமுறை முள்கரண்டியால் ஓரத்துப் பனியை நடுவுக்குச் சுரண்டிவிட்டால்தான், ஊதா நிறத் துகள்கள் ஈர மணலைப் போல உதிரியாக நிற்கும். சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்துவதால், அதை மிகவும் குறைத்தால் கல்லாக இறுகிவிடும். கூட்டினால் கூழாகவே கிடக்கும்.

சிறுமலை வாழைப்பழத்துக்கு இந்தக் காவல் தேவையில்லை. தோல் கறுக்கத் தொடங்கும் அளவுக்குக் கனிந்த பழத்தை வில்லைகளாக்கி இரவு முழுவதும் உறைய வைத்து, மிக்சியில் விட்டுவிட்டு அரைத்தால், முதலில் ரவையாக உடைந்து, பிறகு சட்டென்று வெண்ணெயாகத் திரளும். சர்க்கரையே வேண்டாம். தொடர்ந்து ஓட்டினால் மட்டும் மோட்டார் சூடேறிப் பழம் இளகிவிடும்.

மின்தடையில் உருகினாலும் இரண்டையும் மீட்கலாம். விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் நான் திராட்சையையே பரிமாறுவேன். பல் கூசும் பெரியவர்களுக்கு வாழைப்பழமே இதமானது.