கொலம்பியா பல்கலைக்கழகம்: பூங்கா ஜிம்மா, மன்ஹாட்டன்வில்லா?

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம், கறுப்பின மக்களின் பகுதியாகப் பெயர்பெற்ற பக்கத்து ஹார்லெம் பக்கம் இரண்டு முறை கால் வைத்தது. 1968-இல் மார்னிங்சைடு பூங்காவில் ஜிம் கட்டத் தோண்டினார்கள். மாணவர்களுக்கு மேட்டில் ஒரு வாசல், ஹார்லெம்காரர்களுக்குப் பள்ளத்தில் இன்னொன்று. பொதுப் பூங்காவிலேயே பின்வாசல்! மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் கொதித்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. தோண்டிய பள்ளம் இன்று ஒரு குளம்.

இரண்டாவது, மேற்கு ஹார்லெமில் எழுப்பிய புதிய மன்ஹாட்டன்வில் வளாகம்: 17 ஏக்கர். மதில் இல்லை, கேட் இல்லை. 2009-இல் அக்கம்பக்கத்து நலனுக்காக 15 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டார்கள். சரி, ஆனால் விற்க மறுத்தவர்களின் இடத்தைக் கட்டாயமாக எடுக்க 2010-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே வழிவிட்டது.

வாசலை வைத்துப் பார்த்தால் இரண்டாவது எவ்வளவோ மேல். வாடகைக்குக் குடியிருப்பவரின் கணக்கு வேறு: வளாகத்தில் உலாவலாம், அடுத்த தெருவில் தொடர்ந்து குடியிருக்க முடியுமா?