ரிப்பேர் கஃபே: என் மின்விசிறி பிழைத்த கதை

பழுதான பொருட்களைத் தன்னார்வலர்களின் உதவியோடு நாமே சரிசெய்துகொள்ளும் கூடுகைதான் ரிப்பேர் கஃபே. உறுமியதே தவிர சுற்றாத மேசை மின்விசிறியோடு அங்கே போனேன். அங்கிருந்த தன்னார்வலர் அடிமூடியைக் கழற்றி, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம் உப்பிப்போயிருந்ததைக் காட்டினார். "மோட்டார் நல்லா இருக்கு, இது மட்டும்தான் போயிருக்கு" என்றார். அதே மின் அளவுள்ள ஒன்றைப் பெட்டியில் தேடி எடுத்து, சாலிடரிங் அயர்னை என் கையிலேயே கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார். விசிறி சுற்றியதும் அவ்வளவு சந்தோஷம்!

2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கி வைத்த முறை இது. புதுசு வாங்கியிருந்தால் சுரங்கம், தொழிற்சாலை, லாரி என்று எத்தனை கார்பன் வெளியேறியிருக்கும்!

குறை என்றால், மாதம் ஒருமுறைதான் நடக்கிறது. கூட்டமும் அதிகம், சீக்கிரம் போய்விடுங்கள். அப்புறம், பொருளின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் வேலை சுலபம். அடுத்த மாதம் அப்பாவின் ரேடியோவை எடுத்துப் போகிறேன்.