ஜாய் டிவிஷன்: புதிதாகக் கேட்பவருக்கு முதலில் எந்த ஆல்பம்?

1970-களின் கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கிய ராக் குழுவான ஜாய் டிவிஷனைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் கிளம்பினால், அவருக்குக் கொடுக்க நான்கு ஆல்பங்கள் இருக்கின்றன. 1979-இல் வந்த ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’, 1980-இல் வந்த ‘க்ளோசர்’, சிங்கிள்களை, அதாவது தனித் தட்டாக விற்ற பாட்டுகளைத் திரட்டி 1988-இல் வெளியிட்ட ‘சப்ஸ்டன்ஸ்’, பாரிஸில் நடந்த கச்சேரியின் பதிவாக 2001-இல் வந்த ‘லே பேன் தூஷ்’. பத்தில் ஒன்பது பேர் முதலாவதைத்தான் கொடுக்கிறார்கள். டி-ஷர்ட்டில் எல்லோரும் பார்த்துவிட்ட அட்டைப்படம், குழுவின் முதல் ஆல்பம், விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆல்பம். எல்லாம் உண்மைதான். ஆனாலும் புதியவர் பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போவதும் அந்த ஆல்பத்தில்தான் அதிகம் நடக்கிறது. நான் சொல்லும் வரிசை வேறு: ‘சப்ஸ்டன்ஸ்’ முதலில், ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ இரண்டாவது, ‘க்ளோசர்’ கடைசி. பாரிஸ் கச்சேரி சிலருக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வரலாம்.

இந்த வரிசைக்கு முதல் காரணம் ரொம்ப எளிது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சிறு இசை நிறுவனங்கள் பலவும் சிங்கிளாக விற்ற பாட்டை மறுபடி ஆல்பத்தில் சேர்ப்பதில்லை. மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸும் அப்படித்தான். அதனால் ‘டிரான்ஸ்மிஷன்’, ‘அட்மாஸ்ஃபியர்’, ‘டெட் சோல்ஸ்’, ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ ஆகிய நான்கும் குழு பதிவு செய்த இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களிலும் கிடையாது. இரண்டையும் முழுசாகக் கேட்டு முடித்த ஒருவர் இந்தக் குழுவின் மிகப் பிரபலமான பாட்டை இன்னும் கேட்டிருக்கவே மாட்டார். அவை எல்லாம் ‘சப்ஸ்டன்ஸி’ல் இருக்கின்றன.

இரண்டாவது காரணம் ஒலி. அதற்கு மார்ட்டின் ஹானெட்டிடம் போக வேண்டும்.

‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் நகரின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவானது. தயாரிப்பாளர் ஹானெட்டுக்கு ஒரு வெறி இருந்தது: ஒவ்வொரு டிரம்மின் ஒலியும் பக்கத்து டிரம்மின் மைக்கில் கலக்கவே கூடாது. ஸ்டீஃபன் மாரிஸைத் தனித்தனி டிரம்மாக வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். பிறகு அந்த அடிகளை அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே கருவிக்குள் செலுத்தினார். எதிரொலி என்று காதுக்குத் தெரியாத அளவு குறுகிய தாமதம் அது. ஸ்னேர் அடி விழுந்ததும் அதைச் சுற்றி ஒரு பெரிய காலி அறை இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். பெர்னார்ட் சம்னரின் கிட்டாரைப் பின்னால் தள்ளினார். ‘இன்சைட்’ பாட்டில் பாடகர் இயன் கர்டிஸின் குரலைத் தொலைபேசி இணைப்பு வழியாக எடுத்தார். பாட்டின் ஆரம்பத்தில் கேட்கும் இரைச்சல் ஸ்டுடியோவின் பழைய லிஃப்ட். மேடையில் காது கிழிய வாசித்துக்கொண்டிருந்த குழு இது. சம்னருக்கும் பேஸ் கிட்டார் வாசித்த பீட்டர் ஹூக்குக்கும் இந்த ஒலி பிடிக்கவில்லை என்பதை இருவருமே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

பழகிய காதுக்கு அந்த வெற்றிடம்தான் ஆல்பத்தின் அழகு. புதிய காதுக்கு அது ‘ரெக்கார்டிங் சரியில்லை’ என்று கேட்கிறது. பாட்டுகளின் வரிசையும் சேர்ந்து சோதிக்கிறது. முதல் பாட்டு ‘டிஸார்டர்’ வேகமாக ஓடுகிறது, யாருக்கும் பிடிக்கும். இரண்டாவது ‘டே ஆஃப் தி லார்ட்ஸ்’, கிட்டத்தட்ட ஐந்து நிமிடம், ஊர்ந்து போகும். மூன்றாவது ‘கேண்டிடேட்’டில் பேஸும் டிரம்ஸும்தான், கிட்டார் அங்கங்கே கீறிவிட்டு மறைகிறது. விட்டுப் போகிறவர்கள் போவது இங்கேதான். இதே ஆல்பத்தில்தான் தொடங்குவேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு ஒரு வழி உண்டு. எல்.பி. தட்டின் இரண்டாம் பக்கத்திலிருந்து, அதாவது ஆறாவது பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’, ‘ஷேடோப்ளே’, ‘வைல்டர்னெஸ்’, ‘இன்டர்ஸோன்’ என்று நான்கும் தாளம் பிடித்து நகர்கிற பாட்டுகள். அதன் பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் ‘கேண்டிடேட்’ வேறு பாட்டாகக் கேட்கும்.

எதில் கேட்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தியைச் சும்மா மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ஹூக் பெரும்பாலும் மேல்தந்திகளில், பேஸ் கிட்டாரின் கழுத்தில் உயர்ந்த சுருதி தரும் கட்டைகளில் வாசித்தவர். மேல்தந்தியின் 12-ஆவது கட்டையில் கிடைப்பது 196 ஹெர்ட்ஸ். ஒத்திகையில் சம்னரின் ஆம்ப் போட்ட சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காமல் போனதால் மேலே ஏறியவர், அங்கேயே மெட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். அதனால் சிங்கிள்களின் மெட்டு சின்ன ஸ்பீக்கரிலும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஆனால் ‘அன்னோன் ப்ளெஷர்ஸி’ல் அந்த மெட்டைத் தாங்கி நிற்கும் அறையின் ஒலி போய்விடும், மிச்சம் இருப்பது தகர டப்பா. ஹெட்போன் கட்டாயம். ‘பேஸ் பூஸ்ட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கிக் டிரம்மை ஊதிப் பெருக்கி, ஹானெட் அத்தனை பாடுபட்டுப் பிரித்து வைத்ததை மறுபடி ஒன்றாகக் குழப்பிவிடும். ஓடும் பஸ்ஸில் இந்த ஆல்பம் வேண்டாம்.

இனி ‘சப்ஸ்டன்ஸ்’. இதைக் கொடுக்கும்போதும் “முதல் பாட்டிலிருந்து கேள்” என்று சொல்லிவிடக் கூடாது. முதலிரண்டு பாட்டுகளான ‘வார்சா’, ‘லீடர்ஸ் ஆஃப் மென்’ இரண்டும் 1978-இல் குழு தன் கைக்காசில் வெளியிட்ட ‘அன் ஐடியல் ஃபார் லிவிங்’ என்ற இ.பி.யில் (ஆல்பத்தைவிடச் சிறிய தட்டில்) வந்தவை. ஹானெட் வருவதற்கு முந்தைய பங்க் ராக். நல்ல துடிப்பான பாட்டுகள்தான், ஆனால் அவற்றை வைத்து இந்தக் குழு பின்னால் என்ன ஆகும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எல்.பி.யில் பத்து பாட்டுகள். சி.டி.யில் 17. அந்தக் கூடுதல் ஏழையும் காலவரிசைப்படி நடுவில் செருகாமல் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் பத்தாவதாக ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ முடிந்ததும் அடுத்த நொடி 1978-க்குத் தூக்கி எறியப்படுகிறோம். 2015 பதிப்பில் இன்னும் இரண்டு சேர்ந்தன.

முதல் தடவைக்கு ஆறு பாட்டு போதும், இந்த வரிசையில்: ‘டிரான்ஸ்மிஷன்’, ‘டிஜிட்டல்’, ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’, ‘டெட் சோல்ஸ்’, ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’, ‘அட்மாஸ்ஃபியர்’. மொத்தம் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

‘டிரான்ஸ்மிஷ’னை முதலில் வைப்பதற்குக் காரணம், குழு வேலை செய்யும் விதம் முழுவதும் அந்த மூன்றரை நிமிடத்தில் படிப்படியாகத் திறந்து காட்டப்படுகிறது. பேஸ் முன்னே வருகிறது. டிரம்ஸ் சேர்கிறது, கடைசிவரை ஒரே சீராக ஓடுகிறது. கிட்டார் இடைவெளி பார்த்து உள்ளே நுழைகிறது. கர்டிஸ் ரேடியோ அறிவிப்பாளர்போல உணர்ச்சியில்லாமல் தாழ்ந்த குரலில் தொடங்கி, கடைசி ஒரு நிமிடத்தில் அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். மெட்டை பேஸ் தூக்கிச் செல்ல, கிட்டார் அதற்கு நிறம் பூச, டிரம்ஸ் இயந்திரம்போல நிற்க, குரல் மட்டும் உடைகிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்ற பாட்டுகளில் எதைத் தேட வேண்டும் என்று காதுக்குத் தெரிந்துவிடும். ‘டிஜிட்டல்’ ஹானெட்டுடன் 1978 அக்டோபரில் நடந்த முதல் பதிவிலேயே எடுத்தது. 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த கடைசிக் கச்சேரியில் கடைசியாக வாசித்ததும் அதுதான்.

‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’டை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்கலாம். இங்கிலாந்துப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போன பாட்டு, முணுமுணுக்கத் தோன்றும் கீபோர்டு மெட்டு, யாருக்கும் உடனே பிடிக்கும். சிக்கலே அதுதான். இதை முதலில் கேட்டவர் அடுத்த பாட்டும் இப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பார். குழுவின் மொத்தப் பதிவிலும் இதற்கு ஈடான இனிமையுள்ள பாட்டு இன்னொன்று கிடையாது. ஐந்தாவதாக வரும்போது, அதுவரை கேட்ட இறுக்கத்துக்குப் பிறகு அந்த மெட்டு எவ்வளவு வலிக்கிறது என்பது புரியும்.

ஆல்பத்துக்கும் சிங்கிளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பாட்டில் சோதிக்க வேண்டுமானால் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ கைவசம் இருக்கிறது. கர்டிஸ் மக்கிள்ஸ்ஃபீல்ட் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணிபுரிந்தபோது அங்கே வந்துபோன, வலிப்பு நோய் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. கர்டிஸுக்கும் அதே நோய் என்று 1979 ஜனவரியில் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ வடிவத்தில் தாளத்தோடு ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கேட்கும். ஏரோசால் டின்னிலிருந்து ஸ்ப்ரே அடித்த ஓசை. பாட்டு வறண்டு, எலும்பு தெரிய நிற்கிறது. ‘சப்ஸ்டன்ஸி’ல் இருப்பது 1980 மார்ச்சில் மறுபடி எடுத்த, 12 அங்குல சிங்கிள் தட்டுக்கான வடிவம். கீபோர்டு பின்னணி விரிகிறது, பாடல் வரிகள் ஒரு பத்தி கூடியிருக்கின்றன, நடனக் கூடத்துக்கு ஏற்ற நீளம். புதியவருக்கு 12 அங்குல வடிவம் சுலபம். பழகிய பிறகு ஆல்பம் வடிவம்தான் அதிக நாள் கூட வரும்.

‘க்ளோசர்’ 1980 மார்ச்சில் லண்டனின் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் பதிவாகி ஜூலை 18 அன்று வெளியானது. இரண்டு ஆல்பங்களில் உயர்ந்தது இதுதான் என்பதில் சந்தேகமில்லை, அதனாலேயே கடைசி. முதல் பாட்டு ‘அட்ராசிட்டி எக்ஸிபிஷன்’ ஆறு நிமிடம் ஓடுகிறது. ஹூக்கும் சம்னரும் கருவிகளை மாற்றிக்கொண்டு வாசித்தார்கள், கிட்டார் இரும்பை அறுப்பதுபோல இருக்கும். கடைசி இரண்டான ‘தி எடர்னல்’, ‘டெகேட்ஸ்’ ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், மெதுவாக, கீபோர்டுகளால் நெய்தவை. ஷஃபிளில் போட்டால் ஆல்பம் செத்துவிடும். ‘ஹார்ட் அண்ட் சோல்’ முதல் ‘டெகேட்ஸ்’ வரையிலான இரண்டாம் பக்கத்தை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டும். எலெக்ட்ரானிக் இசையிலேயே ஊறியவர் என்றால் மட்டும் ‘ஐசொலேஷன்’ பாட்டின் வழியாக நேரே இதற்குள் வரலாம். மூன்று நிமிடத்துக்கும் குறைவு, சிந்தசைசரும் பேஸும் டிரம்ஸும்தான் எல்லாம். மனசு சோர்ந்திருக்கிற ஒருவருக்கு, இது நல்ல ஆல்பம் என்பதற்காக மட்டும் இதை நீட்டாதீர்கள். காத்திருக்கலாம்.

மெட்டல், ஹார்ட் ராக் கேட்டு வளர்ந்தவருக்கு வழியே வேறு. 1979 டிசம்பர் 18 அன்று ‘லே பேன் தூஷ்’ அரங்கில் நடந்த கச்சேரியில் ஹானெட்டின் காலி அறை கிடையாது. கிட்டார் முகத்துக்கு நேரே வருகிறது, ‘டிஸார்டர்’ ஆல்பத்தில் இருப்பதைவிட முரட்டுத்தனமாக ஓடுகிறது. ஆல்பத்தின் முதல் ஒன்பது பாட்டுகள்தான் பாரிஸ். மீதி நெதர்லாந்தில் நடந்த கச்சேரிகளிலிருந்து சேர்த்தவை. ஒன்பதோடு நிறுத்தலாம். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நடந்த கச்சேரியின் பதிவைப் புதியவர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், அன்று மேடையில் கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருந்தன. 2007-இல் வந்த ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’, ‘க்ளோசர்’ பதிப்புகளில் இரண்டாவது தட்டாக ஒவ்வொரு கச்சேரி இருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பதிப்பு வந்தால் அசல் ஆல்பம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ பத்து பாட்டு, ‘க்ளோசர்’ ஒன்பது, எண்ணி நிறுத்துங்கள்.

2008-இல் வந்த ‘பெஸ்ட் ஆஃப்’ தொகுப்பு வசதியானது. ஆனால் இரண்டு ஆல்பங்களிலிருந்தும் பாட்டுகளைப் பிய்த்து எடுத்திருப்பதால், பின்னால் ஆல்பத்துக்குப் போகும்போது பல பாட்டுகள் ஏற்கெனவே கேட்டதாக இருக்கும்.

பாட்டைக் கொடுக்கும்போது கதையையும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றும். கர்டிஸ் 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணம் கிளம்புவதற்கு முந்தைய நாள், 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவர் ஒவ்வொரு வரியையும் மரண வாக்குமூலமாகவே கேட்பார். மாரிஸின் டிரம்ஸும் ஹூக்கின் மெட்டும் காதில் விழாது. ‘சப்ஸ்டன்ஸ்’ முடியட்டும், பிறகு சொல்லலாம். குழுவின் பெயரைப் பற்றிக் கேட்டால் மட்டும் மழுப்ப வேண்டாம். நாஜி முகாமில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பிரிவுக்கு ஒரு நாவலில் வரும் பெயர் அது. முதல் இ.பி.யின் அட்டையில் ஹிட்லர் இளைஞர் படைச் சிறுவன் டிரம் அடிக்கும் படம் இருந்தது. அந்தக் காலத்திலேயே கடும் கண்டனம் எழுந்தது, எழுந்ததில் நியாயமும் இருந்தது.

இதெல்லாம் முடிந்து இன்னும் வேண்டும் என்பவருக்கு 1981-இல் வந்த ‘ஸ்டில்’ தொகுப்பு இருக்கிறது. அதில் ‘செரிமனி’ என்ற பாட்டு அந்தக் கடைசிக் கச்சேரியில் பதிவானது. ஆரம்பத்தில் குரல் சரியாகவே கேட்காது. மிஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் அதை 1981 மார்ச்சில் சிங்கிளாக வெளியிட்டார்கள். கில்லியன் கில்பர்ட் குழுவில் சேர்ந்த பிறகு அதே ஆண்டு மறுபடி பதிவு செய்தார்கள். முதலில் மார்ச் வடிவத்தைக் கேளுங்கள், பாட்டின் மெட்டு அதில் தெளிவாகப் பிடிபடும். அதற்குப் பிறகு ‘ஸ்டில்’ பதிவைப் போட்டால், குரல் மறைந்துபோன இடங்களில் கர்டிஸ் என்ன பாடுகிறார் என்பதைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.