பினாங்கு, சியாங் மாய், யாழ்ப்பாணம்: ஓய்வுக்குப் பின் தங்கிப் பார்த்ததில் எழுந்த மதிப்பீடு

திருச்சியில் ஒரு குடியேற்ற முகவர் என் கையில் கொடுத்த வண்ணத் துண்டறிக்கையில், ஐம்பது வயதைக் கடந்தவர் மலேசியாவில் நீண்ட காலம் தங்குவதற்கு ஒன்றரை லட்சம் ரிங்கிட் (மலேசிய நாணயம்) வைப்புத்தொகை போதும் என்று அச்சிட்டிருந்தது. எண் சரி, நாணயம்தான் தவறு. 2021க்கு முன்பு அது 1,50,000 ரிங்கிட்டாக இருந்தது. 2024இல் திருத்தப்பட்ட ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்னும் மூன்று பிரிவுகளுள் கீழ்ப்படியான வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டாலர், அதாவது ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல், கட்ட வேண்டும். வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் கையெழுத்திடும் முன்பே இது கண்ணில் பட்டது. அதன் பிறகு எந்த முகவரையும் நம்பாமல், நானும் மனைவியும் மயிலாடுதுறை வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் சியாங் மாய், இலங்கையின் யாழ்ப்பாணம் ஆகிய மூன்று ஊர்களிலும் நேரில் தங்கிப் பார்த்தோம்.

மனத்துக்கு மிக நெருங்கி வந்தது பினாங்குதான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் போன ஊர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், அந்த வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்த பின் அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றுபோனது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவில் நடந்தால் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா, குயின் தெருவில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயில், ஊருக்கு மேலே தண்ணீர்மலை முருகன். லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த என் மனைவியிடம் கடைக்காரர், “அம்மா, தஞ்சாவூர்ப் பக்கமா?” என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்தார் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள் என்று காரைக்காலிலிருந்து வந்த அவருடைய பாட்டி சொல்வாராம். கொசுறாகக் கறிவேப்பிலையும் கிடைத்தது. தனியார் மருத்துவமனைகளும் தரமானவை. சுமத்ராவிலிருந்து கடல் கடந்து வந்து மருத்துவம் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தை அங்கே நாள்தோறும் காணலாம். குறை என்றால் காப்பிதான். கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்துக் கருக வறுத்து, சுண்டிய டின் பாலை ஊற்றிக் கொடுக்கிறார்கள். கும்பகோணம் நாக்குக்கு அது வேறு ஏதோ பானம். மூன்றாம் நாளே பெட்டியிலிருந்து எங்கள் பித்தளை ஃபில்டர் வெளியே வந்துவிட்டது.

ஆனால் அங்கே குடியேறுவது நடுத்தர ஓய்வூதியக்காரருக்கு எட்டாத காரியம். வைப்புத்தொகை போக, வெள்ளிப் பிரிவினர் குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடும் வாங்க வேண்டும்; அதைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கவும் முடியாது. இத்தனைக்கும் கிடைப்பது ஐந்தாண்டு அனுமதி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை இடம் தருகிறது என்றாலும், ஊரில் நிலத்தை விற்றால்தான் அவ்வளவு பணம் திரளும் என்பதே எங்கள் நிலை.

சியாங் மாய் இதற்கு நேர்மாறானது. தாய்லாந்தில் ஐம்பது வயது நிரம்பியவருக்கு வங்கியில் 8,00,000 பாட் இருப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ இருந்தால் ஓய்வுகால அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வாடகை குறைவு, தெருக்கள் சுத்தம், வடக்கு மலைகளில் ஒரு காலத்தில் அபினி விளைந்த சரிவுகளில் இப்போது விளையும் அராபிகாக் காப்பி அருமை. நிலம் மட்டும் வெளிநாட்டார் பெயரில் பதிவாகாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், அதிலும் ஒரு கட்டடத்தின் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டாருக்குப் போகக் கூடாது. எங்கள் மாடியில் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடன் ஒருநாள் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். 90 நாளுக்கு ஒருமுறை ‘இந்த முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று அவர் தெரிவித்தாக வேண்டும். முதல்முறை நேரில் வர வேண்டும், பிறகு இணையத்திலும் செய்யலாம் என்கிறார்கள். ஆனாலும் அவர் வரிசையில்தான் நின்றார். அடுத்த தேதி குறித்த சிறு சீட்டை அலுவலர் கடவுச்சீட்டில் பின் அடித்துக் கொடுத்தபோது, எழுபதைத் தொட்ட அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சீட்டு வாங்கும் பையனைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் புகை. மாசி, பங்குனியில் சுற்றுவட்டாரத்து வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் நெருப்பினால், அறை ஜன்னலிலிருந்து தெரிந்த டோய் சுதெப் மலை ஒரு வாரமாகக் கண்ணுக்கே புலப்படவில்லை. ஆஸ்துமா உள்ள என் மனைவி முகக்கவசத்தோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். அங்கே ஆண்டு முழுவதும் இருப்பதாகத் திட்டமிடுவோர், அந்த இரண்டு மாதத்துக்கு வேறொரு இருப்பிடத்தின் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனோம். நாலைந்து மணி நேரப் பயணம். தமிழ் பேசும் ஊர், நல்லூர்க் கோயில், பனங்கட்டி, வாயைத் திறந்ததும் உறவு கொண்டாடும் மனிதர்கள். 55 வயது கடந்தவருக்கான இலங்கைத் திட்டத்தில் வைப்புத்தொகை 15,000 டாலர்தான் என்று மகிழ்ந்தேன். அடுத்த வரியில் மாதாமாதம் 1,500 டாலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றிருந்தது. என் ஓய்வூதியம் முழுவதையும் அனுப்பினாலும் அந்தத் தொகை தேறாது.

ஆகவே நாங்கள் குடியேறப் போவதில்லை. இந்தியருக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு அளித்திருக்கிறது, 2026 இறுதி வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. நவம்பரில் வங்கியில் வாழ்நாள் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, ஐப்பசி மழை வீட்டு ஓட்டில் வைத்த ஓட்டைகளை அடைத்துவிட்டு, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்குப் போய் 28 நாள் இருந்து வர எண்ணம். ஃபில்டரோடு இந்தமுறை இரண்டு கிலோ காப்பித்தூளும் எடுத்துப் போக வேண்டும் என்று மனைவி சொல்லியிருக்கிறார்.