இன்டீரியர் வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? என் 3,40,000 ரூபாய் கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கொதிப்பு இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாகத்தான் இருக்கும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரும்பாக்கத்தில் புது ஃபிளாட். மாடுலர் கிச்சன், இரண்டு வார்ட்ரோப், ஒரு டிவி யூனிட், அவ்வளவுதான் வேலை. ஓஎம்ஆரில் பளபளவென்று ஷோரூம் போட்டிருக்கும் ஒரு இன்டீரியர் கம்பெனியிடம் போனோம். பெயர் இப்போது வேண்டாம், புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது. அளவெடுக்க வந்த டிசைனர் பெண் நேராக என் அம்மாவிடம் போய், அவரை நிற்க வைத்து முழங்கை உயரம் அளந்தார். "மேடை இந்த உயரத்துல இருந்தாத்தான் உங்களுக்கு இடுப்பு வலிக்காது ஆன்ட்டி." நாற்பது வருஷமாகச் சமைக்கிறவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஷோரூம் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் வேறு தொங்கியது. "படிச்சு லைசென்ஸ் வாங்கினவங்க" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அன்று மாலையே 3,40,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது.

கொட்டேஷனில் இருந்தது 710 மரைன் ப்ளை, அதாவது தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை. வந்து இறங்கியது பார்ட்டிகிள் போர்டு, மேலே வெள்ளை லேமினேட். எங்கள் பழைய ஆசாரி ஓரப் பட்டையை நெம்பிக் காட்டினார். உள்ளே அத்தனையும் மரத்தூள். "சிங்க் அடியில ஒருதடவை தண்ணி ஒழுகினா இட்லி மாதிரி உப்பிடும் சார்."

போன் செய்தால், "ஃபேக்டரியில மாறிடுச்சு சார், ரிப்ளேஸ் பண்றோம்." அப்புறம், "ஆளுங்க ஊருக்குப் போயிருக்காங்க." அப்புறம், "அந்த டிசைனர் ரிலீவ் ஆயிட்டாங்க." கடைசியில் மேனேஜர் சொன்னதுதான் உச்சம்: "நாங்க டிசைன் மட்டும்தான் சார், வேலை வெண்டாரோடது. அக்ரிமெண்ட்ல 'அல்லது அதற்கு இணையான பொருள்'னு போட்டிருக்கே." மரைன் ப்ளைக்கு மரத்தூள் இணையாம்! 3,40,000 ரூபாய் வாங்கும்வரை நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பியவர்கள், இப்போது நீல டிக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லலாம் என்று கிளம்பினேன். ஆர்க்கிடெக்டாக இருக்கும் நண்பர் சிரித்தார். ரத்து செய்ய லைசென்ஸ் என்ற ஒன்றே இல்லையாம். 1972 சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. இன்டீரியர் டிசைனருக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. அதே 1972இல் தொடங்கிய இன்டீரியர் டிசைனர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "நான் தப்பு பண்ணினா என் பேரை ரிஜிஸ்டர்ல இருந்து எடுக்கலாம். அவங்களை எதுல இருந்து எடுப்பாங்க?" என்றார். சுவரில் தொங்கியது ஏதோ குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ். திரைச்சீலை கலர் சொல்வதோடு இவர்கள் வேலை முடிந்தால் பரவாயில்லை. மின்சார பாயின்ட், தண்ணீர்க் குழாய், எந்தச் சுவரை இடிக்கலாம் என்பது வரை இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவை. 'இணையான பொருள்' என்ற வரியை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ப்ளை ஷீட்டிலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710 என்ற எண்ணும் இருக்கும், அறுப்பதற்கு முன்னால் பாருங்கள். பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரிடமிருந்து மெசேஜ்: "40,000 திருப்பித் தர்றோம் சார், பேசி முடிச்சுக்கலாம்." 3,40,000 ரூபாய்க்கு 40,000! ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று, அதுவும் புகாரோடு போகிறது.